மேசை 30 அங்குலம், ஆள் 5 அடி 3: கொழும்புக் கடைகளில் கணினிக் கதிரையும் மேசையும்

முதுகு நோகத் தொடங்கினால் நம்மவர் முதலில் மாற்றுவது கதிரையைத்தான். புதுக் கதிரை வந்து இரண்டு கிழமை சுகமாகப் போகும். பிறகு தோள்மூட்டு இழுக்கும், கழுத்தின் பின்பக்கம் இறுகும், அடித்தொடை மரத்துப்போகும். உடனே கதிரைக்குத் திட்டு விழும். கதிரைகளில் குறை இல்லாமல் இல்லை, அதைக் கீழே விபரமாகவே சொல்கிறோம். ஆனால் கொழும்புத் தளபாடக் கடைகளில் நிற்பவற்றை அளவுநாடாவோடு பார்த்தால் முதல் குற்றவாளி மேசைதான். ஆயத்தமாக விற்கும் மேசைகள் அநேகமாக 29 முதல் 30 அங்குல உயரம், அதாவது 74 முதல் 76 சென்ரிமீற்றர். பேனை பிடித்து எழுதுவதற்கு அது சரி. கீபோர்டில் தட்டுவதற்கு 6 அடி ஆளுக்கே அது கூடுதல்.

கணக்கு இப்படி வரும். 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ. உயரமான ஒருவர் வெறுங்காலோடு பாதம் நிலத்தில் முழுதாகப் படிய உட்கார்ந்தால், முழங்காலின் பின்மடிப்பு ஏறத்தாழ 40 செ.மீ. உயரத்தில் இருக்கும். இருக்கையிலிருந்து மடித்த முழங்கை வரை இன்னும் 22, 23 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 62, 63. கீபோர்டின் மேற்பரப்பு இருக்க வேண்டிய மட்டம் அது. கீபோர்டின் தடிப்பு 2 செ.மீ. என்று கழித்தால் மேசைப் பலகை 60, 61 செ.மீ.யில் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 76. இதே கணக்கை 5 அடி 8 அங்குல ஆளுக்குப் போட்டாலும் 65, 66 செ.மீ.தான் வரும். ஐரோப்பிய அளவுகளில் சப்பாத்துக் குதிக்கு 2, 3 செ.மீ. சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். நாம் வீட்டில் வெறுங்காலோடு இருப்பவர்கள், அதனால் அந்த இடைவெளியும் நம் தலையில்தான் விழுகிறது. டைப்ரைட்டருக்கென்று செய்த பழைய மேசைகள் 26, 27 அங்குலத்தில் இருந்தன. கொம்பியூட்டர் வந்தபோது அந்த மேசைகளைத் தூக்கிவிட்டு எழுத்து மேசையில் கீபோர்டை வைத்தோம்.

மேசை உயர்ந்திருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். கதிரையைத் தாழ்த்தியே வைத்திருந்தால் கையை மேசைக்கு ஏற்ற நாள் முழுதும் தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்துப் பிடிப்பும் தலையிடியும் அங்கிருந்து வரும். கதிரையை உயர்த்தினால் கை சரியாகும், கால் தொங்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தும், கணுக்கால் வீங்கும், ஆள் தன்னை அறியாமல் முன்னால் சரிந்து வந்து கதிரையின் நுனியில் குந்துவார். முதுகைத் தாங்குவதற்கென்று காசு கொடுத்து வாங்கிய சாய்மானம் அப்போது சும்மா நிற்கும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். மெத்தை இல்லாத சாப்பாட்டு மேசைக் கதிரையில் நிமிர்ந்து உட்காருங்கள். தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். கதிரை உயரமென்றால் காலடியில் புத்தகங்களை அடுக்கி, நிலத்திலிருந்து அளக்காமல் புத்தகத்தின் மேலிருந்து அளக்க வேண்டும். மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையை 90 பாகையில் மடித்தபின் வேறொருவர் அளவுநாடா பிடிக்கட்டும். காலடியிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை ஓர் அளவு, முழங்கால் பின்மடிப்பு வரை இன்னோர் அளவு, உட்காரும் பலகையிலிருந்து தொடையின் மேல்மட்டம் வரை மூன்றாவது. இந்த மூன்று எண்களையும் தொலைபேசியில் குறித்து வைத்தால் விற்பனையாளர் சொல்லும் பாதிக் கதைக்குப் பதில் கையில் இருக்கும்.

மேசைக்கு என்ன செய்யலாம்

ஆக மலிவான வழி, இருக்கிற மேசையின் காலை அரிவது. மரக்கால் என்றால் தச்சு வேலை பாஸ் ஒருவருக்கு அது அரை நாள் வேலைகூட இல்லை. அளவை நிலத்திலிருந்து எடுக்கக் கூடாது. மேசையைக் கவிழ்த்து, பலகையின் அடிப்பக்கத்திலிருந்து நான்கு கால்களிலும் கோடு போட வேண்டும். பழைய கால்கள் ஒரே நீளம் என்று நம்பி அடியிலிருந்து குறித்தால் மேசை ஆடும். அடியில் அடிக்கும் றப்பர் குமிழுக்கு 5 மி.மீ. விட்டு அரியச் சொல்லுங்கள். இரும்புச் சட்டக்கால் என்றால் வெல்டிங் கடையில் அறுத்து, முனையிலிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் பொருத்தலாம். பக்கப் பலகையே காலாக நிற்கும் மெலமைன் மேசைகளில் மட்டும் கவனம். அறுத்த இடத்தில் உள்ளேயுள்ள சிப்போர்ட், அதாவது மரத்தூளை ஒட்டி அமுக்கிய பலகை, திறந்துகிடக்கும், நிலம் துடைக்கிற தண்ணீரைக் குடித்து ஊதும். அந்த விளிம்புக்குப் பிவிசி பட்டி ஒட்டாமல் மேசையை நிமிர்த்த விடக் கூடாது.

எவ்வளவு அரிவது என்பதில் தொடை குறுக்கே நிற்கும். 5 அடி 3 ஆளுக்குக் கணக்கில் 60 செ.மீ. வந்தாலும் நடைமுறையில் 25 அங்குலத்தில், ஏறத்தாழ 63.5 செ.மீ.யில் நிறுத்துவதே நல்லது. கதிரை 42, 43 செ.மீ.யில் நிற்கும், காலடிக்கு 2, 3 செ.மீ. பலகைத் துண்டொன்று போதும், தொடைக்கும் பலகைக்கும் இடையில் 4 செ.மீ. அளவு மிஞ்சும். ஆனால் இது மேசைக்கு அடியில் லாச்சி இல்லாவிட்டால்தான். பலகைக்குக் கீழே 10 செ.மீ. லாச்சியோ முன்பக்கச் சட்டமோ இருந்தால் தொடை இடிக்கும். லாச்சியைக் கழற்றுங்கள், அல்லது அந்த மேசையை விட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டு மேசையை அரிய முடியாதவர்களுக்கு இழுவைத் தட்டு உண்டு. பலகையின் அடியில் பூட்டினால் கீபோர்ட் 65, 66 செ.மீ.க்கு இறங்கும், நல்ல மாற்றம். ஆனால் கடைகளில் தொங்கும் தட்டுகள் பல 55, 60 செ.மீ. அகலம். முழுக் கீபோர்டே 44, 45 செ.மீ. பிடிக்கும். மவுஸுக்கு இடமில்லாமல் அது மேசைக்கு மேலேயே கிடக்கும். வலது தோள் உயர்ந்தபடியே நிற்கும், பாதி வியாதிதான் தீரும். 70 செ.மீ.க்குக் குறைந்த தட்டை வாங்கினால் எண்பலகை இல்லாத சின்னக் கீபோர்டும் வாங்க வேண்டும், அது 36 செ.மீ.தான். தட்டு ஆடுகிறதா என்பதை வெளியே முழுதாக இழுத்து, நுனியில் இரண்டு கையையும் ஊன்றிப் பாருங்கள். ஒற்றைத் தகட்டுத் தண்டவாளம் சில மாதத்தில் முன்னால் தொங்கிவிடும். லாச்சிக்குப் போடும் குண்டுச் சில்லுத் தண்டவாளம் நின்று பிடிக்கும்.

ஜப்பானிலிருந்து பாவித்து வந்த இரும்பு மேசைகளைப் பலர் அசட்டை செய்கிறார்கள். சாம்பல் நிறம், அழகில்லை, பாரம். ஆனால் ஜப்பானிய அலுவலக மேசைகள் 70 அல்லது 72 செ.மீ. உயரத்துக்குச் செய்யப்பட்டவை. ஒன்றையும் அரியாமலேயே 4 முதல் 6 செ.மீ. இலாபம். கால்முனைகளில் மட்டம்பார்க்கும் திருகு இருக்கும், அதை முழுதாக உள்ளே திருகினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். துருவைப் பலகையின் அடி மூலையிலும் லாச்சித் தண்டவாளத்திலும் தேடுங்கள். கடற்காற்று வீசும் காலி வீதிப் பக்க வீடுகளில் ஏற்கெனவே தொடங்கிய துரு நிற்காது.

மோட்டார் வைத்து ஏறி இறங்கும் மேசைக்கு இப்போது நல்ல மவுசு. நின்று வேலை செய்ய என்று விற்கிறார்கள், நாம் பார்க்க வேண்டியது எவ்வளவு இறங்குகிறது என்பது. இரண்டு அடுக்குக் கால்கள் பொதுவாக 70 செ.மீ.யில் நின்றுவிடும், அதன் மேல் 2.5 செ.மீ. பலகை. குள்ளமானவருக்கு இவ்வளவு காசு கொடுத்தும் உட்காரும் உயரம் கிடைக்காது. மூன்று அடுக்குக் கால்கள் 60 செ.மீ. அளவுக்கு இறங்கும். ஒரு மோட்டாரா இரண்டு மோட்டாரா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். இன்னொன்று, கரண்ட் போனால் மேசை நின்ற உயரத்தில் நிற்கும், நீங்களும்தான்.

புதிதாகச் செய்விக்க நினைத்தால் தச்சு வேலைக்குப் பேர்போன மொறட்டுவைதான். கடையில் நிற்கும் மாதிரியைக் காட்டி ‘இதுபோல’ என்று சொல்லாதீர்கள், 30 அங்குலம் வந்து சேரும். தாளில் எழுதிக் கொடுங்கள்: பலகை 4½ அல்லது 5 அடி நீளம், 28 முதல் 30 அங்குல ஆழம். ஆயத்த மேசைகள் 20, 24 அங்குல ஆழத்தில் வருவதால்தான் மொனிட்டர் மூக்குக்கு முன் நிற்கிறது. உயரம் உங்கள் எண். லாச்சி வேண்டாம். முன்பக்கச் சட்டம் வேண்டாம், தாங்குசட்டம் பின்பக்கம் மட்டும். பலகை 25 மி.மீ.; பிளைவூட் என்றால் 18 மி.மீ.க்குக் குறையாமல். முன்விளிம்பின் கூரை உருட்ட வேண்டும், முன்கை நாள்முழுதும் அதன்மேல்தான் கிடக்கும். பளபளக்கும் லாக்கர் அடித்தால் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் தெறிக்கும், மங்கல் பூச்சே கேளுங்கள். மஹோகனி நல்லது, சீசன் பண்ணிய பலகையாக இருந்தால். ஈரம் காயாத பலகை ஏசி அறைக்குள் வந்ததும் வளையும். வயர் இறங்க 60 மி.மீ. துளை ஒன்று பின் மூலையில்.

மெஷ் கதிரை: எதைப் பார்ப்பது

நம் வெக்கைக்கு முதுகில் மெஷ் வலை சரியான தெரிவு, அதில் தர்க்கமில்லை. சிக்கல் மற்ற இடங்களில். முதலாவது, ஆகத் தாழ்ந்த இருக்கை உயரம். கடைகளில் நிற்கும் நடுத்தர விலைக் கதிரைகள் பெரும்பாலும் 44 முதல் 47 செ.மீ.யில் நின்றுவிடுகின்றன. 160 செ.மீ. ஆளுக்குக் கால் தொங்கும். விளம்பரத் தாளில் போடும் எண்ணை நம்பாமல் ஷோரூமிலேயே சப்பாத்தைக் கழற்றி, கதிரையை அடிவரை இறக்கி, குதிக்கால் படிகிறதா என்று பாருங்கள். படியாவிட்டாலும் கதிரை பிடித்திருந்தால் ஒரு வழி இருக்கிறது: இருக்கையை ஏற்றி இறக்கும் வாயுக் குழாயான கேஸ் லிஃப்டில் குட்டை வகையைப் போட்டுத் தரக் கேட்கலாம். வழமையான லிஃப்ட் 100 மி.மீ. ஏறி இறங்குவது. 60, 80 மி.மீ. ஏறி இறங்கும் குட்டை வகை போட்டால் இருக்கை 3 முதல் 5 செ.மீ. தாழும். உயர்த்தக்கூடிய உச்சமும் குறையும், அது உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்தது இருக்கையின் ஆழம். முதுகு சாய்மானத்தில் முழுதாகப் பட உட்கார்ந்தால், இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு, மூன்று விரல் போக வேண்டும். போகாவிட்டால் அந்தக் கதிரையில் நீங்கள் ஒருநாளும் சாயப் போவதில்லை. இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி உள்ள கதிரைக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். தலைமாட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். தட்டெழுதும்போது தலை அதில் படுவதேயில்லை. இருக்கையும் வலையாக உள்ள மலிவுக் கதிரைகளைத் தவிர்க்கவும். வலை தொய்ந்ததும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் தொடையின் அடியை வெட்டும். வலை முதுகு, பஞ்சு இருக்கை என்ற சேர்க்கைதான் இந்த விலையில் நின்று பிடிக்கும். பஞ்சைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை உடனே தட்டுப்பட்டால் ஒரு வருடத்தில் பலகையில்தான் இருப்பீர்கள்.

கைப்பிடி ஏறி இறங்க வேண்டும். அசையாத வளையக் கைப்பிடி மேசை விளிம்பில் இடித்து ஆளைத் தூரத்தில் நிறுத்தும். கையை நீட்டினால் முதுகு சாய்மானத்தை விட்டு வரும். மேசைக்கு அடியில் போகுமளவுக்குத் தாழாத கைப்பிடியை விடக் கைப்பிடியே இல்லாத கதிரை மேல். பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு மூன்று திருகாணிதான். கழற்றி வைத்துவிட்டுப் பாவித்துப் பாருங்கள்.

சாயும் பொறியில் இரண்டு வகை. இருக்கைக்கு அடியில் வண்ணத்துப்பூச்சி வடிவத் தகடு இருந்தால் சாயும்போது இருக்கையும் சேர்ந்து பின்னால் சரிந்து முழங்கால் மேலெழும். குட்டையானவரின் பாதம் அப்போதே நிலத்தை விடும். சிங்ரோ என்று சொல்லும் வகையில் முதுகு இரண்டு பாகை சாய இருக்கை ஒரு பாகைதான் சாயும், கால் நிலத்தில் நிற்கும். 100 முதல் 110 பாகை வரை சாய்ந்து வேலை செய்ய விரும்புகிறவர் சிங்ரோ தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். கதிரையைக் கவிழ்த்து அடியைப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கவிழ்த்தவுடன் கேஸ் லிஃப்ட் குழாயில் பொறித்த எழுத்தையும் பாருங்கள். தரம் 3, தரம் 4 என்று உலோகத்திலேயே அடித்திருக்கும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உத்தரவாதத்தில் கேஸ் லிஃப்டுக்கு எத்தனை மாதம் என்று பற்றுச்சீட்டில் தனியாக எழுதுவியுங்கள், ஏனென்றால் முதலில் போவது அதுதான். உட்கார்ந்ததும் மெல்ல மெல்லக் கதிரை இறங்கினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். நல்ல விடயம், அளவு ஏறக்குறைய எல்லாக் கதிரைக்கும் பொது: மேல்முனை 28 மி.மீ., அடிமுனை 50 மி.மீ., இரண்டும் கூம்பாக இறுகி நிற்பவை. கதிரையைக் கவிழ்த்து, ஐந்துகால் அடியை றப்பர் சுத்தியலால் மத்தியைச் சுற்றித் தட்டினால் அது கழரும். மேல்முனைக்குப் பைப் குறடு போட்டுத் திருப்பித் திருப்பி இழுக்க வேண்டும். துருநீக்கி எண்ணெய் விட்டால் புதியதைப் போடுமுன் நன்றாகத் துடையுங்கள், எண்ணெயிருந்தால் கூம்பு இறுகாது. பழைய குழாயைத் துளைப்பதோ சூடாக்குவதோ கூடவே கூடாது. உள்ளே உயர் அழுத்த நைதரசன்.

சில்லு விடயத்தில் ஒரு வரி: கடைக் கதிரைகளோடு வரும் கடின நைலோன் சில்லு கார்பட்டுக்கானது. நம் வீடுகளில் டைல்ஸ். சத்தமும் போடும், எழும்பும்போது கதிரை பின்னால் ஓடவும் செய்யும். மென்மையான பியூ (பொலியுரெத்தேன்) சில்லு ஐந்து வாங்கி மாற்றுங்கள். தண்டு 11 மி.மீ. தடிப்பு, 22 மி.மீ. நீளம், இழுத்தால் வரும், அமுக்கினால் போகும்.

கேமிங் கதிரை பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பந்தயக் கார் இருக்கையின் சாயலில் செய்தது. இரண்டு பக்கச் செட்டையும் தொடையை ஒடுக்கும், இடுப்புக்கு ஒரு தலையணையைக் கட்டிவிட்டு அதைத் தாங்கி என்பார்கள். அதைவிடப் பெரிய குறை மேலுறை. பியூ ரெக்சின் ஈரப்பதத்தோடும் வெப்பத்தோடும் சேர்ந்து இரசாயனமாகவே உடையும். கொழும்பின் காற்று அதற்கென்றே அமைந்தது. வியர்வை படும் கழுத்துப் பக்கமும் தொடை விளிம்பும் முதலில் உரியும், கறுப்புச் செதிள் சேர்ட்டில் ஒட்டும். ஒட்டிச் சரிப்படுத்த முடியாது. ‘பொஸ் கதிரை’ என்று விற்கும் தடித்த ரெக்சின் கதிரைக்கும் இதே தீர்ப்பு. அது கூட்டத்தில் சாய்ந்திருக்கச் செய்தது, தட்டெழுத அல்ல.

கையில் குறைந்த காசு, ஆனால் நல்ல பொறி வேண்டுமென்றால் பாவித்த ஜப்பானியக் கதிரைகளைத் தேடுங்கள். ஒகமுரா, கொகுயோ, இத்தோகி என்ற பெயர்கள் முதுகிலோ அடியிலோ இருக்கும். இரும்பும் பொறியும் புதுக் கதிரைகளை விட நாள் போகும், இருக்கையும் தாழ்வாக இறங்கும். குறைகளையும் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்: கைப்பிடி றப்பர் பிசுபிசுத்திருக்கும், பஞ்சு அமுங்கியிருக்கும், லிஃப்ட் மாற்ற நேர்ந்தால் அளவு பொது அளவுதானா என்று முதலே கழற்றிப் பார்க்க வேண்டும். எப்போதாவது ஹேர்மன் மில்லர் ஏரோன் ஒன்று அகப்படும். 1994ல் வந்த அந்தக் கதிரை ஏ, பி, சி என்று மூன்று அளவில் வருகிறது. முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பின் பின்பக்கத்தைத் தடவினால் குமிழ்கள் தட்டுப்படும்: ஒன்று என்றால் ஏ, மூன்று என்றால் சி. சி அளவை 5 அடி ஆளுக்கு ‘பெரிய சைஸ், நல்ல சைஸ்’ என்று விற்கப் பார்ப்பவர் உண்டு. வலையில் கிழிசலும், இருக்கைச் சட்டத்தின் ஓரத்தில் வெடிப்பும் இல்லையென்றால் மட்டும் எடுங்கள்.

மொனிட்டரும் அதன் ஆர்மும்

லெப்டொப்பை மட்டும் வைத்து நாள் முழுதும் வேலை செய்தால் மேலே சொன்ன ஒன்றும் உதவாது. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் ஒன்று சரியானால் மற்றது பிழையாகும். மலிவான தகட்டு ஸ்டாண்ட், தனிக் கீபோர்ட், தனி மவுஸ் மூன்றும் சேர்ந்தே ஒரு கதிரையின் விலைக்குக் கிட்டவும் வராது, ஆனால் கழுத்துக்குக் கதிரையை விடக் கூடப் பலன் தரும். ஸ்டாண்டுக்குப் பதில் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டு இருந்தால் அதுவும் ஸ்டாண்ட்தான்.

தனி மொனிட்டர் உள்ளவர்களுக்கு, மேசை விளிம்பில் பூட்டி மொனிட்டரைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங் ஆர்ம் நல்ல முதலீடு. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போனால் பல வகை பார்க்கலாம். வாங்குமுன் மூன்று விடயம். மொனிட்டரின் முதுகில் ஆர்மைப் பூட்டுவதற்கான வெசா துளை நான்கு இருக்கிறதா, இடைவெளி 75 மி.மீ.யா 100 மி.மீ.யா, மலிவு மொனிட்டர்கள் சிலவற்றில் துளையே இருக்காது. இரண்டாவது நிறை: ஸ்டாண்ட் இல்லாமல் 24 அங்குலம் 3, 4 கிலோ வரும், 27 அங்குலம் 4 முதல் 6. ஆர்மின் உச்ச எல்லையை மட்டும் பார்ப்பார்கள், அடி எல்லையும் முக்கியம். 3 கிலோ மொனிட்டரைப் பாரமான திரைக்குச் செய்த ஆர்மில் போட்டால் அது மேலேயே எழும்பி நிற்கும், இறங்காது. மூன்றாவது, மேசை. சிப்போர்ட் விளிம்பில் கிளாம்பை இறுக்கினால் பலகை நசியும். மேலும் கீழும் ஒரு சாண் நீள இரும்புத் தகடோ 12 மி.மீ. பிளைவூட் துண்டோ வைத்து இறுக்குங்கள். கண்ணாடி மேசையில் கிளாம்ப் போடவே கூடாது.

பூட்டும்போது எம்4 திருகாணி 10 அல்லது 12 மி.மீ. நீளம் போதும், நீண்டதைப் போட்டு இறுக்கினால் உள்ளே பலகத்தைக் குத்தும். மொனிட்டரைத் தொங்கவிட்ட பிறகு ஆர்மைக் கிடையாக வைத்து, மூட்டிலுள்ள துளையில் அலன் கீயைப் போட்டு இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். தானாக ஏறினால் கழித்தல் பக்கம், தொய்ந்தால் கூட்டல் பக்கம். பல சுற்றுப் போகும், அரைச் சுற்றோடு ‘ஆர்ம் பழுது’ என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மொனிட்டரைக் கழற்றுமுன் ஆர்மை உச்சிவரை தூக்கிவிடுங்கள். தாழ்ந்த நிலையில் பாரத்தை எடுத்தால் ஸ்பிரிங் முகத்துக்கு நேரே அடிக்கும்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, கை நீட்டினால் விரல் படும் தூரம், அதாவது 50 முதல் 70 செ.மீ. இருபார்வைக் கண்ணாடியோ புரோகிரசிவ் கண்ணாடியோ போடுபவர் இன்னும் தாழ்த்தி, மேல்பக்கம் பின்னால் சாய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்க்க நாடியைத் தூக்கியே கழுத்து போய்விடும். தமிழில் வாசிப்பவர்கள் எழுத்தை 110, 125 வீதம் பெருப்பித்து வையுங்கள். புள்ளியும் சுழியும் தெரியாமல் முகம் திரைக்கு நெருங்குவதைக் கதிரையால் தடுக்க முடியாது.

வெளிச்சம், கரண்ட், லிஃப்ட்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொடர்மாடிகளில் மேற்கு ஜன்னல் பின்நேரம் 3 மணிக்குப் பிறகு திரையைக் குருடாக்கும், கடலிலிருந்து தெறிப்பதும் சேர்த்து. திரை ஜன்னலைப் பார்த்தபடியும் வேண்டாம், ஜன்னல் திரைக்குப் பின்னால் வரும்படியும் வேண்டாம். ஜன்னல் இடக்கை அல்லது வலக்கைப் பக்கம் வரும்படி மேசையைத் திருப்புங்கள். ஃபேன் காற்று முகத்தில் நேரே பட்டால் கண் காய்ந்து எரியும், முழங்கால் மட்டத்தில் பக்கவாட்டில் வையுங்கள்.

பிளக்கில் உருண்டைக் கம்பியும் சதுரக் கம்பியும் கலந்துள்ள பழைய வீடுகளில், எர்த் இல்லாத அடப்டரில் லெப்டொப் போட்டால் உலோக உடம்பு லேசாகக் கூசும். மூன்று கம்பி 13 அம்பியர் பிளக்குக்கு மாற்றினால், சுவரில் எர்த் உண்மையிலேயே இருந்தால், நின்றுவிடும். யூபிஎஸ் வாங்கினால் 650 விஏ போதும், ஆனால் லெப்டொப்பை அதில் போடாதீர்கள், அதற்கென்று பற்றரி இருக்கிறது. மொனிட்டரும் ரவுட்டரும் மட்டும் போட்டால் நல்ல பற்றரியில் ஒரு மணித்தியாலம் வரை இழுக்கும். யூபிஎஸ்ஸை மேசைக்கு அடி மூலையில் சுவரோடு ஒட்டி அடைத்தால் சூட்டில் பற்றரி சீக்கிரம் போகும்.

விலைகளை எழுதவில்லை, டொலர் அசைந்தால் இங்கே கதிரையும் அசையும். காசு குறைவென்றால் மேசை உயரம், தனிக் கீபோர்ட், லெப்டொப் ஸ்டாண்ட் என்ற வரிசையில் செலவழித்து, கதிரையைக் கடைசியாக எடுங்கள். மேசைக்கு முற்பணம் கொடுக்குமுன் தொடர்மாடி லிஃப்டின் உள்ளுயரத்தையும் மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். 5 அடிப் பலகை நிமிர்த்தினால் பல லிஃப்டில் போகும், கால் பூட்டிய மேசை போகாது. கால்களை போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதாகச் செய்யும்படி மொறட்டுவைத் தாளிலேயே எழுதிவிட்டால், ஏழாம் மாடிக்குப் படியால் தூக்குகிற கூலி மிஞ்சும்.